கிழித்துப் போடாதே

அன்புள்ள கண்ணம்மா,

போன வாரம் போனில் உன் குரலே சரியில்லை. "மூணு மாசமா வெறும் காகிதத்துலதான் கலர் பூசிப் பார்த்துட்டு இருக்கேன்மா, ஒரு கேன்வாஸ்கூட ஆரம்பிக்கல, எல்லாத்தையும் கிழிச்சுப் போடப் போறேன்" என்றாய். என்ன சொல்வதென்று தெரியாமல், உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லி வைத்துவிட்டேன். அதிலிருந்து மனசு அரித்துக்கொண்டே இருந்தது. நீ அனுப்பிய, இங்கிலாந்து ஓவியர் பிரிட்ஜெட் ரைலியின் படப்புத்தகத்தை எடுத்து, முதல் முறையாக முழுசாகப் பார்த்தேன்.

அது வந்த அன்றைக்கு, "ஒரு முகம் இல்லை, ஒரு மரம் இல்லை, இதில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டேன். நீயும் அப்படித்தான் வரைகிறாய் என்பது அந்த நேரம் என் புத்தியில் இல்லை. நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

1961-இல் அவர் வரைந்த 'மூவ்மென்ட் இன் ஸ்கொயர்ஸ்' இருக்கிறதே, அதில்தான் என் கண் நின்றது. சதுரங்கப் பலகை மாதிரி கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். எல்லாக் கட்டத்துக்கும் உயரம் ஒன்றுதான். அகலம் மட்டும் போகப் போகக் குறைகிறது. நடுவைத் தாண்டியதும் நூல் மாதிரி ஒடுங்கி, பிறகு விரிகிறது. ஆனால் தாள் அந்த இடத்தில் உள்ளே மடிந்து போகிறது! உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தேன், தட்டையாகத்தான் இருந்தது. கையை எடுத்தால் மறுபடியும் மடிப்பு. முப்பது வருஷமாகத் துணியில் மடிப்புப் பிடிக்கிறவள் நான். சாக்பீஸால் கோடு போட்டு, ஊசி குத்தி, இஸ்திரி போட்டால்தான் எனக்கு மடிப்பு நிற்கும். இவர் அகலத்தைக் குறைத்தே நிறுத்தியிருக்கிறார்.

எழுத்தெல்லாம் ஆங்கிலம். உன் தம்பி உட்கார்ந்து படித்துச் சொன்னான். ரைலி பிறந்தது 1931-இல், லண்டனில். அந்தக் கட்டங்களை வரையும்போது வயது முப்பது. விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே வரைந்திருக்கிறார். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், புள்ளி புள்ளியாக வண்ணம் வைக்கும் பிரெஞ்சு ஓவியர் சொராவின் பாலம் படம் ஒன்றை, புத்தகத்தில் அச்சாகியிருந்ததைப் பார்த்துப் பெரிதாக்கி வரைந்திருக்கிறார், ஒரு வண்ணம் பக்கத்து வண்ணத்தை என்ன செய்கிறது என்று கற்றுக்கொள்வதற்காக. தம்பியை அங்கேயே நிறுத்தச் சொன்னேன். இன்னொருவர் தைத்த சட்டையைப் பிரித்துப் பார்த்துத்தானே நானும் காலர் வைக்கக் கற்றுக்கொண்டேன்.

அப்புறம் பார், பல வருஷம் கறுப்பு, வெள்ளை, சாம்பல் மட்டும்தான். முழு வண்ணத்துக்கு வந்தது 1967 வாக்கில். அடுத்த வருஷமே, இத்தாலியில் நடக்கும் வெனிஸ் பினாலே என்ற பெரிய கலைக் கண்காட்சியில் ஓவியத்துக்கான சர்வதேசப் பரிசு. பரிசை விடு, அந்தக் காத்திருப்புதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஒரு விஷயம் படித்தபோது எனக்கே கோபம் வந்தது. 1965-இல் நியூயார்க்கில் கண்காட்சிக்குப் போனால், கடை ஜன்னல்களில் அவர் படம் உடுப்பாகத் தொங்குகிறது! யாரும் அவரிடம் கேட்கவில்லை. தடுக்கச் சட்டமும் கைகொடுக்கவில்லை. துணி தைக்கிற என்னால் அந்த வேதனையைப் புரிந்துகொள்ள முடிகிறது.

ஆனால் உனக்குச் சொல்ல வந்தது வேறு. அவர் வேலை செய்யும் விதத்தைக் கவனித்தாயா? முதலில் சின்னக் காகிதங்களில் வண்ணத்தைப் பூசிப் பார்ப்பது, வெட்டி நகர்த்திப் பார்ப்பது, பட்டையைக் கொஞ்சம் அகலமாக்குவது, குறைப்பது. கண்ணுக்குச் சரி என்று பட்ட பிறகுதான் கேன்வாஸ். அதைப் பூசுகிறவர்கள்கூட உதவியாளர்கள்தான், ஓரங்களைக் கையாலேயே பிசிறில்லாமல் இழுக்கிறார்கள். நான் வெட்டிக் கொடுக்க மற்றவர்கள் தைக்கிற மாதிரி. தைத்து முடித்த பிறகு எவ்வளவு இழுத்தாலும், வெட்டில் விட்ட பிழை போகாது. அப்படியானால் அவருடைய வேலை நடப்பதே அந்தக் காகிதத்தில்தானே? நீ மூன்று மாதமாகச் செய்வதும் அதுதானே?

கடைசியில் 'நடராஜா' என்று ஒரு படம், 1993-இல் வரைந்தது, இரண்டு மீட்டருக்கும் மேல் அகலம். தூக்கிய காலும் இல்லை, விரிசடையும் இல்லை. நிமிர்ந்த கோடுகளைச் சாய்ந்த கோடுகள் வெட்ட, நடுவில் வண்ணத் துண்டுகள். ஓர் இடத்தில் கண்ணை நிறுத்தப் பார்த்தேன், பக்கத்துப் பச்சை இழுத்துக்கொண்டு போனது, அங்கிருந்து இன்னொன்று. கண் நிற்கவே இல்லை. பெயர் ஏன் அப்படி என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதனால் அந்தக் காகிதங்களைக் கிழித்துப் போடாதே. ஒவ்வொன்றின் பின்னாலும் தேதி எழுதி, உனக்குத் தேவைப்படாததை எனக்கு அனுப்பு. துணி வெட்ட நான் அளவெடுத்து வெட்டிய பேப்பர் கட்டிங் வைக்கிற டிராயரில் இடம் ஒழித்து வைத்திருக்கிறேன். பச்சை பக்கத்தில் வந்ததும் ஆரஞ்சு செத்துப் போகிறது என்று புலம்பினாயே, அதை முதலில் அனுப்பு. நானும் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா