அந்த மூன்றாவது கோடு

அன்புள்ள தம்பிக்கு,

இடம் கிடைத்துவிட்டது என்று நீ அனுப்பிய செய்தியை நாலு தடவை படித்துவிட்டேன். பொறியியலோடு சேர்த்துக் கடற்படை அறிவியலும் படித்து, பட்டம் வாங்கிய கையோடு அதிகாரியாக வெளியே வரப்போகிறாய். சந்தோஷமாக இருக்கிறது, கூடவே அடிவயிற்றை லேசாகப் பிசையவும் செய்கிறது, ஏனென்றால் உன் அக்காவும் இதைப் படித்துவிட்டுக் கப்பலில் நின்றவள்தானே. எதில் அதிகக் கவனம் வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

அணிவகுப்பும் விடியற்காலை ஓட்டமும் முதல் சில வாரம் படாதபாடு படுத்தும், அப்புறம் உடம்பு பழகிவிடும். ஆயுதங்கள், கடற்போர் வரலாறு எல்லாம் வரும், வரலாறு உனக்குப் பிடித்தது, அதை நீயே தேடிப் படித்துக்கொள்வாய். நான் சொல்ல வந்தது நேவிகேஷன் வகுப்பைப் பற்றி, அதாவது கப்பல் எங்கே இருக்கிறது, எந்த வழியில் போக வேண்டும் என்று கணக்கிடும் வகுப்பு.

அங்கே கையில் ஒரு கடல் வரைபடமும் பென்சிலும் அளவுகோலும் கொடுப்பார்கள். ஜிபிஎஸ் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். போர் என்று வந்தால் எதிரி ஜிபிஎஸ் சிக்னலை முடக்கலாம், தப்பான இடத்தைக் காட்டும்படியும் செய்யலாம். அதனால் கரையில் தெரியும் ஒரு கலங்கரை விளக்கம், ஒரு கோபுரம், ஒரு மலைமுனை என்று மூன்றைப் பிடித்துக்கொண்டு, திசைகாட்டியில் ஒவ்வொன்றும் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று பார்த்து, வரைபடத்தில் மூன்று கோடு போட வேண்டும். மூன்றும் சந்திக்கும் புள்ளியில் கப்பல் இருக்கிறது என்று கணக்கு. ஆனால் பெரும்பாலும் சந்திக்காது, நடுவில் ஒரு சின்ன முக்கோணம் விழும். திசைகாட்டியின் பிழை, கண்ணின் பிழை, முதல் விளக்கைப் பார்த்ததற்கும் மூன்றாவதைப் பார்த்ததற்கும் நடுவே கப்பல் நகர்ந்த தூரம், எல்லாம் சேர்ந்துதான் அந்த முக்கோணம்.

இங்கேதான் கை அரிக்கும். மூன்றாவது கோட்டை ஒரே ஒரு டிகிரி தள்ளிப் போட்டால் மூன்றும் அழகாக ஒரு புள்ளியில் போய் உட்கார்ந்துவிடும், மதிப்பெண்ணும் விழும். இரண்டாம் ஆண்டில் நான் அதைச் செய்தேன். ஆசிரியர் என் குறிப்பேட்டில் இருந்த டிகிரியையும் வரைபடத்தில் இருந்த கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இது கப்பல் இருக்கிற இடமில்லையே, நீ இருக்க ஆசைப்படுகிற இடம்" என்று சொல்லி ரப்பரை என் பக்கம் நகர்த்தினார். அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன், முக்கோணம் வந்தது. அதில் பாறைக்குப் பக்கமாக இருக்கும் முனையையே உன் இடமாக எடுத்துக்கொள் என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொடுத்தார். கப்பல் உனக்குச் சாதகமான முனையில் இருக்கும் என்று ஒருபோதும் நினைக்காதே, தம்பி.

கப்பல் கவிழாமல் மிதப்பதைப் பற்றிய சமநிலை வகுப்பில் வாசா என்ற கப்பலைப் பற்றி வரும், அதைச் சூத்திரங்களுக்கு மட்டும் படித்துவிட்டுப் போய்விடாதே. ஸ்வீடன் மன்னர் ஆசைப்பட்டுக் கட்டச் சொன்ன போர்க்கப்பல், இரண்டு தளம் நிறையப் பீரங்கி. புறப்படும் முன்பே 30 பேரைத் தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். மூன்று முறை ஓடியதற்கே கப்பல் பயங்கரமாகச் சாய்ந்ததால், துறைமுகத்திலேயே கவிழ்ந்துவிடும் என்று சோதனையை நிறுத்திவிட்டார்கள். சோதனையைத்தான் நிறுத்தினார்கள், பயணத்தை நிறுத்தவில்லை. 1628 ஆகஸ்ட் 10 அன்று கிளம்பிய வாசா, ஒன்றரைக் கிலோமீட்டர்கூடப் போகாமல் ஒரு காற்றுக்குச் சாய்ந்து, திறந்திருந்த பீரங்கித் துளைகள் வழியே தண்ணீர் புகுந்து மூழ்கியது. கண்ணால் பார்த்தவர்கள் இருந்தும், வேண்டாம் என்று சொல்லத்தான் ஆளில்லை.

பழைய கதை என்று நினைக்காதே. 2017 ஜூன் 17 அன்று, ஜப்பான் கடலோரத்தில் நள்ளிரவு தாண்டிய நேரத்தில் அமெரிக்கப் போர்க்கப்பல் ஃபிட்ஸ்ஜெரால்ட் ஒரு கன்டெய்னர் கப்பலோடு மோதியது. கீழே படுத்திருந்த மாலுமிகளில் ஏழு பேர் இறந்துபோனார்கள். மற்றக் கப்பல்கள் நெருங்கி வரும்போது கேப்டனுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது விதி, அன்றைக்குச் சொல்லவில்லை என்று அந்நாட்டுக் கடற்படை அறிக்கையே எழுதியது. 20 நாட், அதாவது மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் போகும் கப்பல் மூன்று நிமிடத்தில் ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர் போய்விடும். எழுப்பலாமா வேண்டாமா என்று யோசிக்கிற நேரமே அவ்வளவுதான்.

பட்டம் வாங்கிய சில வருடத்திலேயே நீயும் அப்படி ராத்திரி பிரிட்ஜில், கப்பலை ஓட்டும் அறையில் நிற்பாய், கப்பல் முழுக்கத் தூங்கும். என் முதல் ராத்திரியில் ஒரு விளக்கின் திசை மாறாமல் அப்படியே இருந்தது, ஆனால் பெரிதாகிக்கொண்டே வந்தது. திசை மாறாமல் தூரம் மட்டும் குறைந்தால் மோதப் போகிறது என்று அர்த்தம், இதைப் பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். அப்படியிருந்தும் போனை எடுக்கக் கை தயங்கியது, ஏற்கெனவே இரண்டு தடவை கேப்டனை எழுப்பியிருந்தேன். எடுத்துவிட்டேன். கேப்டன் கசங்கிய சட்டையோடு வந்து ரேடாரைப் பார்த்தார், போக்கை மாற்றச் சொன்னார், அந்த விளக்கு பின்னால் போகும்வரை பக்கத்திலேயே நின்றார். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்.

ஆகவே, மதிப்பெண் குறைந்தாலும் குறையட்டும், பார்த்த டிகிரியை அப்படியே எழுது. வகுப்பில் நீ போடும் முதல் மூன்று கோட்டைப் படமெடுத்து எனக்கு அனுப்பு, முக்கோணம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி.

அன்புடன்,
அக்கா