தருமியின் கணக்கு: தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தயாரிப்பாளர்களுக்கு,

வணக்கம். படம் பார்த்துவிட்டு அதைப் பற்றி மணிக்கணக்கில் சிரித்துச் சண்டைபோடும் ஒரு நண்பர் கூட்டத்தின் சார்பில் இதை எழுதுகிறேன். எங்களில் யாருக்கும் யூடியூப் சேனல் கிடையாது. ஒருவர் வங்கியில் வேலை பார்க்கிறார், ஒருவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார், ஒருவர் பள்ளியில் கணக்கு ஆசிரியை. இரண்டாம் காட்சி முடிந்ததும் வண்டி நிறுத்துமிடத்திலேயே பேச்சு தொடங்கிவிடும். காவலாளி விளக்கை அணைத்த பிறகுதான் கலைவோம். மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் பேசித் தீர்ப்போம். புதிய படம்தான் என்றில்லை. 1954-இல் வந்த படத்துக்கும் அங்கே அதே மரியாதை, அதே கிண்டல்.

2024 நவம்பரில் உங்கள் சங்கம் ஒன்று, திரையரங்க வளாகத்துக்குள் யூடியூப் சேனல்களை விமர்சனம் எடுக்க அனுமதிக்க வேண்டாம் என்று அரங்க உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. அடுத்த மாதமே, படம் வெளியாகி முதல் மூன்று நாட்களுக்கு இணையத்தில் விமர்சனமே கூடாது என்று கோரி ஒரு வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அப்படிப் பொதுவாகத் தடை விதிக்க முடியாது என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. சட்டத்தை வழக்கறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எங்களை வருத்தியது அந்தக் கோரிக்கைக்குப் பின்னால் இருந்த எண்ணம். படத்தைப் பற்றிய பேச்சே படத்துக்குப் பகை என்று நீங்கள் நினைக்கத் தொடங்கிவிட்டீர்களோ என்ற கவலையில்தான் இந்த மடல்.

உங்கள் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. பணம் கொடுத்தால் ஒரு விமர்சனம், கொடுக்காவிட்டால் வேறொரு விமர்சனம் என்று யாராவது பேரம் பேசினால் அது மிரட்டல். ஒரு நடிகையின் உடம்பைப் பற்றியோ, நடிகரின் குடும்பத்தைப் பற்றியோ கேவலமாகப் பேசுவது விமர்சனமே அல்ல. அதை எதிர்த்து நீங்கள் எங்கு போய் நின்றாலும் நாங்களும் கூட நிற்போம். ஒரு படத்தின் வசூல் முதல் வார இறுதியிலேயே முடிவாகிவிடுகிறது என்ற உங்கள் பதற்றமும் புரிகிறது. வட்டிக்கு வாங்கிய பணம் வெள்ளிக்கிழமை காலையில் ஊசலாடும்போது, வாசலில் மைக்கின் முன்னால் ஒருவர் கெக்கலி கொட்டிச் சிரித்தால் வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனால், சிரிப்பு ஒரு படத்தைக் கொல்வதில்லை என்பது எங்கள் அனுபவம். படத்தைக் கொல்லும் சொல் வேறு. "படம் எப்படி?" என்று கேட்கும்போது, "ம்… பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு நண்பர் வேறு பேச்சுக்குத் தாவுகிறாரே, அந்த இடத்தில்தான் அந்தப் படம் சாகிறது. அவர் கிண்டலாவது செய்திருந்தால், அப்படி என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று நாங்கள் நாலு பேர் கிளம்பியிருப்போம். இப்படிக் கிளம்பிப்போய் ரசித்த படங்கள் எங்களுக்கு ஏராளம்.

எங்கள் கிண்டல் எப்படிப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பட்டறைக்காரர் ஒரு சண்டைக் காட்சியில் கதாநாயகனைப் பார்க்கவே இல்லை. பின்னணியில் லேத் சுற்றிக்கொண்டிருக்கிறது, இரும்பைப் பிடிக்கும் சக்கில் எதுவுமே மாட்டவில்லை, ஆனால் பொறி மட்டும் பறக்கிறது என்று இடைவேளை வரை பொருமிக்கொண்டிருந்தார். வங்கி நண்பருக்கு வங்கிக் கொள்ளைப் படம் என்றால் உயிர். மேலாளரின் நெற்றியில் துப்பாக்கியை வைத்துப் பெட்டகத்தைத் திறக்கச் சொல்லும் காட்சி வந்தால் போதும், பெட்டகத்துக்கு இரண்டு சாவி, அவை இரண்டு அதிகாரிகளிடம் இருக்கும், ஒருவரை மிரட்டி என்ன பயன் என்று தொடங்கிவிடுவார். ஆசிரியை ஃப்ளாஷ்பேக்கில் வரும் ஆண்டுகளைக் கூட்டிக் கழித்து, கதாநாயகனுக்கும் அவன் அம்மாவுக்கும் வயது வித்தியாசம் பதினொன்றுதான் வருகிறது என்று அறிவிப்பார். அத்தனை பேரும் அந்தப் படத்துக்குக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள். ஒவ்வொரு ஃப்ரேமையும் இவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கும் பார்வையாளர் கிடைப்பது ஒரு படத்துக்கு வரம் என்றே நான் நம்புகிறேன்.

விமர்சனம் என்றதும் உங்கள் மேடைகளில் நக்கீரர் பெயர் அடிபடுகிறது. குற்றம் குற்றமே என்று நிற்பவர் அவர். பத்திரிகை விமர்சகருக்கு அந்த உவமை பொருந்தலாம். நண்பர்களின் பேச்சு அந்த வகை அல்ல. 'திருவிளையாடல்' படத்தில் நாகேஷ் ஏற்ற தருமியை நினைத்துப் பாருங்கள். பாட்டில் குற்றம் இருக்கிறது என்று நக்கீரர் சொன்னதும், எவ்வளவு பிழை இருக்கிறதோ அதற்குத் தக்கபடி பரிசைக் குறைத்துக்கொண்டு மீதியைக் கொடுங்களேன் என்று கேட்கிறாரே, அதுதான் எங்கள் கணக்கு. இரண்டாம் பாதி இழுவை, கழித்துக்கொள்கிறோம். கடைசிச் சண்டை தேவையில்லை, அதற்கும் கழித்துக்கொள்கிறோம். ஆனால் அந்த அப்பா வேடத்தில் வந்தவர் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் எழுந்து போன காட்சிக்கு உரியதை முழுதாகக் கொடுத்துவிடுகிறோம். ஆயிரம் பொன் முழுதாகத் தரவில்லையே என்று எங்களைக் கோபிக்காதீர்கள். மீதியை மனமாரத்தான் தருகிறோம்.

இந்த வழக்கம் இன்று நேற்று முளைத்ததும் அல்ல. பாட்டுப் புத்தகத்தில் பாதிக் கதையைச் சொல்லி, "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று அச்சடித்துப் பேச்சைக் கிளப்பிவிட்டவர்களே உங்கள் முன்னோர்கள்தாம். 1977-இல் '16 வயதினிலே' படத்துக்கு ஆனந்த விகடன் 62.5 மதிப்பெண் போட்டது. அந்த அரை மதிப்பெண்ணைப் பற்றி இன்றும் பேச ஆள் இருக்கிறது. 2010-இல் 'தமிழ்ப் படம்' வந்து நம் படங்களின் அத்தனை வழக்கங்களையும் வரிசையாக நிறுத்திக் கேலி செய்தது. கேலிக்கு ஆளான நடிகர்களின் ரசிகர்களே அரங்கில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதனால் எந்தப் படமும் படுத்துவிடவில்லை.

இங்கே ஒரு காட்சியைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் மாடியில் அதிகம் பேசப்பட்டது அதுதான். 1964-இல் ஸ்ரீதர் எடுத்த 'காதலிக்க நேரமில்லை'. படம் எடுக்கத் துடிக்கும் மகன் நாகேஷ், பணம் போட வேண்டிய அப்பா பாலையாவிடம் ஒரு திகில் கதை சொல்கிறார். கதவு கிறீச்சிடும் ஓசை முதல் எல்லாச் சத்தமும் நாகேஷின் வாயிலிருந்தே வருகிறது. உடம்பு வளைகிறது, கண் உருள்கிறது. பார்க்கிற எவரும் அது நாகேஷின் காட்சி என்றே சொல்வார்கள். எங்கள் ஆசிரியை ஒருநாள் அதை மறுபடியும் ஓடவிட்டு, பாலையாவை மட்டும் பாருங்கள் என்றார். பார்த்தோம். அவருக்கு அங்கே பேச்சு மிகக் குறைவு. சலிப்போடு உட்கார்ந்திருக்கும் முகம் மெல்லக் கதைக்குள் இழுபடுகிறது. அலட்சியம் போய், ஆர்வம் வந்து, பிறகு பயமே வந்துவிடுகிறது. பயமுறுத்துகிறவர் நாகேஷ் என்றாலும் நம்மை நம்பவைப்பது கேட்டுக்கொண்டிருப்பவரின் முகம். அன்றிலிருந்து எங்கள் கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. நான் பாலையா கட்சி. அறுபது ஆண்டு கழித்தும் ஒரு காட்சிக்காக நாலு பேர் இப்படிக் கட்சி கட்டுகிறார்கள் என்றால், அந்தப் படத்துக்கு இதைவிடப் பெரிய விளம்பரத்தை யார் செய்துவிட முடியும்?

உங்களுக்கு நேரடியாக லாபம் தந்த கதைகளும் உண்டு. 'அன்பே சிவம்' 2003 பொங்கலுக்கு வந்து சரியாகப் போகவில்லை. இன்று அதைத் தங்கள் வாழ்நாள் படம் என்று சொல்பவர்களை எண்ணி மாளாது. 'ஆயிரத்தில் ஒருவன்' 2010-இல் பலருக்கும் புரியவில்லை. 2021-இன் கடைசி நாளில் மறுபடி வெளியிட்டபோது அரங்குகளில் கொண்டாட்டம். இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தப் படங்களுக்குச் சுவரொட்டி ஒட்டியவர் யார்? விடுதி அறைகளிலும் டீக்கடைகளிலும், "நீ இன்னும் பார்க்கவில்லையா?" என்று நண்பனைக் குடைந்தெடுத்தவர்கள்தாம்.

'குணா' கதை இன்னும் அழகானது. 1991 தீபாவளிக்கு 'தளபதி'யோடு வந்து, வசூலில் பின்தங்கிய படம். ஆனால் அது படமான கொடைக்கானல் குகைக்குக் குணா குகை என்ற பெயரே நிலைத்துவிட்டது. 2006-இல் கேரளத்திலிருந்து அதைப் பார்க்க வந்த ஒரு நண்பர் குழுவில் ஒருவர் பள்ளத்தில் விழ, தோழர் ஒருவர் இறங்கி மீட்டார். அந்த உண்மைச் சம்பவம்தான் 2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' ஆனது. அந்த மலையாளப் படத்துக்குத் தமிழ்நாட்டு அரங்குகள் நிரம்பி வழிந்தன. குகைக்குள்ளிருந்து நண்பனை மேலே தூக்கும்போது 'குணா'வில் வந்த இளையராஜாவின் அந்தப் பழைய பாட்டு ஒலிக்கிறதே, அப்போது எங்கள் வரிசையில் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. அன்று வசூலில் தோற்ற ஒரு படத்தை முப்பது ஆண்டுக்கும் மேலாக உயிரோடு வைத்திருந்தது நண்பர்களின் வாய்தான்.

பேச்சு உங்களுக்கும் தேவைப்படுகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். 2024-இல் 'மெய்யழகன்' வெளியான சில நாளிலேயே, நீளம் என்ற பேச்சைக் கேட்டு ஏறத்தாழ 18 நிமிடங்களைக் குறைத்தார்கள். குறைத்தது சரியா என்று எங்களுக்குள் இன்னும் தகராறு. அந்த இரவு நேரத்து நீண்ட உரையாடல் குறைந்ததில் எனக்கு வருத்தம்தான். முதல் மூன்று நாள் யாரும் வாய் திறக்காமல் இருந்தால், உங்களுக்கு எது தெரிந்திருக்கும்?

இனி எங்கள் வேண்டுகோள். பேச்சைத் தள்ளிப்போடுவதில் காட்டும் முனைப்பைப் படங்களைக் காப்பதில் காட்டுங்கள். தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்', 1931. நாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேசுவார், நாயகன் தெலுங்கில் பதில் சொல்வார். எங்கள் கூட்டத்துக்கு இது ஒரு மாதப் பேச்சுக்குத் தீனி. அவர் என்ன சொல்கிறார் என்று இவருக்குப் புரிந்ததா, அன்றைய கூட்டம் எந்த இடத்தில் சிரித்தது, எங்கே கைதட்டியது என்றெல்லாம் பார்க்க ஆசை. பார்க்க முடியாது. படம் அழிந்துவிட்டது. அதற்கும் முன்னால் நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' என்ற ஊமைப் படமும் இல்லை. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964-இல்தான் வந்தது. அதற்குள் எவ்வளவோ போய்விட்டன. பழைய நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பிடிக்கும். அதற்குப் பின் வந்த அசிடேட் சுருள் வெப்பத்திலும் ஈரத்திலும் சுருங்கி வினிகர் வாடை அடிக்கத் தொடங்கும். சென்னையின் கடற்காற்றுக்கு நடுவே, குளிர்சாதனம் இல்லாத கிடங்கில் அது எத்தனை காலம் தாங்கும்?

தப்பிப் பிழைத்த படங்களையாவது மதிப்போடு காட்டுங்கள். இன்று இணையத்தில் கிடைக்கும் பழைய படம் எந்த நிலையில் இருக்கிறது தெரியுமா? பழைய சதுரச் சட்டத்தை இன்றைய அகலத் திரைக்கு இழுத்துவிட்டிருப்பதால் சாவித்திரியின் முகம் பக்கவாட்டில் விரிந்து கிடக்கிறது. மூலையில் இருக்க வேண்டிய நிறுவன முத்திரை நெற்றியில் பொட்டு மாதிரி நிற்கிறது. உதடு ஒரு பக்கம், ஒலி ஒரு பக்கம். பாட்டு பாதியில் வெட்டுப்படுகிறது. இதைக் காட்டி, இவர்தான் நடிகையர் திலகம் என்று ஓர் இளைஞனிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அவன் படத்தைப் பார்த்துச் சிரிக்க மாட்டான், பிரதியைப் பார்த்துச் சிரிப்பான். அந்தச் சிரிப்பு ஒன்றுதான் எங்களுக்கு வலிக்கிறது.

முடியாத காரியம் ஒன்றும் அல்ல. 1964-இன் 'கர்ணன்' மெருகேற்றப்பட்டு 2012-இல் வெளியானபோது நூறு நாளைத் தாண்டி ஓடியது. நன்றாகச் செய்து கொடுத்தால் நாங்கள் வருவோம், வீட்டில் உள்ளவர்களையும் அழைத்து வருவோம் என்பதற்கு அதுவே போதும். ஆனால் பெரிய நட்சத்திரங்களோடு நின்றுவிடாதீர்கள். பாட்டே இல்லாமல் 1954-இல் எஸ். பாலசந்தர் எடுத்த 'அந்த நாள்', சிவாஜி சுடப்பட்டுச் சாவதில் தொடங்கும் படம். அதை நல்ல பிரதியில், பெரிய திரையில், முடிவு தெரியாத ஓர் இளைஞர் கூட்டத்தோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது எங்கள் எல்லோருடைய ஆசை. கொன்றவர் யார் என்று நாங்கள் யாரும் வாய் திறக்க மாட்டோம். அந்த ஒழுக்கம் எங்களுக்கு உண்டு.

உங்கள் சங்கங்கள் கூடும் அடுத்த கூட்டத்தில் இரண்டு முடிவு எடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். மிரட்டுகிறவர்களையும் ஆபாசமாகப் பேசுகிறவர்களையும் பெயர் சொல்லி எதிருங்கள். பார்வையாளர்கள் எல்லோரையும் அவர்களோடு சேர்த்துக் கட்டாதீர்கள். அடுத்து, உங்கள் உறுப்பினர்களின் கைவசமும் ஆய்வகங்களிலும் எந்தெந்தப் படத்தின் நெகடிவ் இருக்கிறது, எது எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு பட்டியலை வெளியிடுங்கள். உரிமைச் சிக்கலில் எந்தப் படம் மாட்டிக்கொண்டிருக்கிறது என்பதையும் அதிலேயே குறிப்பிடுங்கள். பட்டியல் வந்தால் எதை முதலில் காப்பாற்ற வேண்டும் என்று நாங்களும் பேசுவோம், நிச்சயம் சண்டையும் போடுவோம். அந்தச் சண்டைக்கு உங்களையும் அழைக்கிறோம்.

அன்புடனும் மரியாதையுடனும்,
டிக்கெட் வாங்கிப் படம் பார்க்கும் ஒரு நண்பர் கூட்டத்துக்காக