அரிசியில விளையாடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்க குழந்தைகள் பக்கத்துல வீட்டுலயே சென்சரி பின் செய்யறதப் பத்தி போட்டிருந்தீங்க, ஆசையா படிச்சேன், ஆனா அந்தப் படத்துல நடுவுல பளபளன்னு கலர் கலரா இருந்துச்சே தண்ணி உருண்டை, வாட்டர் பீட்ஸ், அதப் பாத்ததும் பக்குன்னுச்சு. அதுக்குத்தான் இந்தக் கடிதம்.

என் மகளுக்கு ரெண்டு வயசு. நான் பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரி ஷிஃப்ட், பகல்ல அத்தைதான் பாத்துக்கறாங்க. சென்சரி பின்னு பேரு பெருசா இருக்கே தவிர எங்க வீட்டுல அது துணி ஊறவைக்கிற பேசின்தான், அதுல அரிசியோ மணலோ கொட்டி, ஏதாவது ஒரு தீம் வச்சு சாமான் போட்டு, பிள்ளைய அள்ளி கொட்டி தோண்ட விட்டா முக்கால் மணி நேரம் போனே கேக்கமாட்டா.

முதல்ல அரிசின்னதும் அத்தைக்குக் கோவம் வந்துடுச்சு. சோறு திங்கற அரிசிய கால்ல மிதிக்க விடறியா, லட்சுமி தங்குமான்னாங்க. தீபாவளிக்கு ஷாப்பிங் மால்ல மூட்டை மூட்டையா கலர் அரிசி கொட்டி கோலம் போடறாங்களே அத்தைன்னு கேட்டேன், அது பண்டிகைம்மா, இது என்ன பண்டிகைன்னு திருப்பிக் கேட்டாங்க. எனக்கு பதில் வரல. அவங்க சொன்னதுலயும் நியாயம் இருக்குல்ல, நாங்கெல்லாம் கீழ சிந்தின பருக்கையப் பொறுக்கி வளந்தவங்க. கடைசில வண்டு விழுந்து ஒதுக்கி வச்ச பழைய அரிசி ரெண்டு கிலோ இருந்துச்சு, அத எடுத்துக்கோன்னு அவங்களே விட்டுக் குடுத்தாங்க. சலிச்சு, நாலு நாள் ஃப்ரீசர்ல வச்சு எடுத்தேன், வண்டு போயிடுச்சு.

கலர் ஏத்தறது சுலபம். ஒரு கப் அரிசிக்கு ஒரு டீஸ்பூன் வினிகர், கொஞ்சம் ஃபுட் கலரிங், ஜிப் பையில போட்டு குலுக்கி பழைய பேப்பர்ல பரப்பணும் (உங்க பேப்பர்தான், கோவிச்சுக்காதீங்க). பினாங்கு வெயில நம்பி வெளிய வச்சா மத்தியானம் மழை வந்து கெடுத்துடும், ராத்திரி ஃபேனுக்குக் கீழ வச்சிடுங்க, ஈரத்தோட டப்பால போட்டு மூடினா பூஞ்சை பிடிச்சு நாறிடும். நீல அரிசி கடல், தீப்பெட்டி ஃபெர்ரி, 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலம் எங்க வீட்டுல எட்டு ஐஸ்கிரீம் குச்சி. அந்தப் பழைய கார் ஏத்தற ஃபெர்ரிய மகள் பாத்ததே இல்ல, அதுக்கெல்லாம் தீவு பேருதான் வச்சிருந்தாங்கன்னு அத்தை கதை சொல்லிக்கிட்டே தீப்பெட்டியத் தள்ளுவாங்க, பிள்ளையவிட அவங்களுக்குத்தான் குஷி.

ஒரு கூத்தும் நடந்துச்சு. திரும்ப வண்டு வரக்கூடாதுன்னு அத்தை பழக்கதோஷத்துல அந்த அரிசி டப்பால நாலு காஞ்ச மிளகாயப் போட்டுட்டாங்க. எனக்குத் தெரியாது, மறுநாள் அப்படியே பேசின்ல கொட்டிட்டேன். பத்து நிமிஷத்துல பிள்ளை கண்ணக் கசக்கி அலறுது, குழாய்ல புடிச்சு கழுவிக் கழுவி அரை மணி நேரம், நானும் அழறேன் அத்தையும் அழறாங்க. இப்ப மிளகாய்க்குப் பதிலா வேப்பிலைதான், கொட்டறதுக்கு முன்னாடி அதையும் எடுத்துடறோம்.

இப்ப அந்த உருண்டைக்கு வரேன். நானும் ஆன்லைன்ல ஒரு பாக்கெட் வாங்கினவதான். காஞ்சப்ப கடுகு மாதிரி இருக்கு, தண்ணில போட்டா ஊறி கோலிக்குண்டு கணக்கா ஆயிடுது. ஒண்ணு ரெண்டு சோபாவுக்கு அடியில ஓடி, நாலு நாள் கழிச்சு கூட்டும்போது பாத்தா திரும்ப கடுகாச் சுருங்கிக் கிடக்குது! பிள்ளை முழுங்கினா அது வயித்துக்குள்ள ஊறி குடலையே அடைச்சிடும், அதுவும் எக்ஸ்ரேல பல நேரம் தெரியாது. அமெரிக்காவுல பெரிய பெரிய கடைங்க 2023 கடைசியிலயே பிள்ளைங்களுக்குன்னு இத விக்கறத நிறுத்திட்டாங்க. நம்ம மலேசியாவுல விளையாட்டுச் சாமானுக்கு எம்சிங்கற பாதுகாப்பு முத்திரை வேணும்னு சட்டம் இருக்கு, ஆனா எனக்கு வந்த பாக்கெட்ல ஏதோ அலங்காரச் சாமான் மாதிரி பூச்சாடி படம்தான் இருந்துச்சு, முத்திரையும் இல்ல ஒண்ணும் இல்ல. அப்படியே கட்டி குப்பையில போட்டேன்.

அதுக்குப் பதிலா ஜவ்வரிசி இருக்கே. கண்ணாடி மாதிரி ஆகற வரைக்கும் வேகவச்சு பச்சத்தண்ணில அலசினா அதே வழவழப்பு, வாயில போட்டாலும் பயமில்ல. சங்குப்பூ ஊறவச்ச தண்ணில போட்டா நீலம், அதுல லீமாவ் கஸ்தூரி, அதான் அந்தக் குட்டி எலுமிச்சை, ரெண்டு சொட்டு புழிஞ்சா ஊதாவா மாறும், என் மகள் அதுக்கே கை தட்டுவா. அன்னன்னிக்கே கொட்டிடணும், புளிச்சிடும். மொச்சை, பட்டாணி எல்லாம் மூணு வயசு வரைக்கும் வேணாம், மூக்குல ஏத்திக்கிட்டா உள்ள ஊறி உப்பிடும். டாய்லெட் பேப்பர் சுருளோட அட்டைக் குழாய்க்குள்ள போற அளவு சின்ன பொம்மை எதையும் நான் பேசின்ல போடறதில்ல, தொண்டையில அடைச்சிடும். அரிசியும் சின்னதுதான், அதனால யாராவது ஒருத்தர் பக்கத்துலயே உக்காந்திருப்போம், அடுப்புல வேலை இருந்தா பேசின எடுத்து பிள்ளைக்கு எட்டாத உயரத்துல வச்சிடுவோம்.

அடுத்த தடவ இந்த மாதிரி போடும்போது தயவுசெஞ்சு அந்த உருண்டைப் படத்த எடுத்துட்டு ஜவ்வரிசி படம் போடுங்க, எத்தன வயசுக்குன்னும் பக்கத்துலயே பெரிய எழுத்துல போடுங்க, அத்தைக்குக் கண்ணாடி இல்லாம படிக்க முடியாது.

இப்படிக்கு,
ரெண்டு வயசுப் பிள்ளையோட அம்மா,
ஜெலுத்தோங், பினாங்கு