ஷூகேஸ் கேட்கும் எங்கள் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, நிர்வாக சபை உறுப்பினர்களே, வாசிகசாலைப் பெரியோர்களே, அங்கத்தவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

யாப்பின்படி செயலாளர் அறிக்கையைப் பத்து நிமிடத்தில் முடிக்க வேண்டும். முடியாது என்று தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அதனால் வழமையான விடயங்களை முதலில் தள்ளிவிடுகிறேன். நிர்வாக சபை ஒழுங்காகக் கூடியது. கூட்டக் குறிப்புகள் மேசையில் இருக்கின்றன. கிளிநொச்சி, பரந்தன், முறிகண்டி ஆட்களோடு இந்த முறை மாங்குளத்திலிருந்தும் ஒட்டுசுட்டானிலிருந்தும் சில பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். வெளிநாடு போனவர்கள் விட்ட இடம் அப்படி நிரம்பியது. சந்தா பாக்கி வைத்திருப்போரின் பெயர்களை வாசிப்பதில்லை என்று சபை முடிவெடுத்தது. அவர்களுக்கே தெரியும்.

சரி, விடயத்துக்கு வருவோம். கிற்றார் இரைச்சலை அடுக்கி, அதற்குள் குரலை முங்கவிடும் ஷூகேஸ் என்ற ரொக் இசையைச் சேர்ந்திருந்து கேட்கத்தான் இந்த வட்டம். போன பொதுக்கூட்டத்தில் ஓர் ஐயா எழும்பி, "பாட்டு முழுக்க உங்கட போனிலேயே கிடக்குது. பிறகென்னத்துக்கு ஒரு சங்கம்?" என்று கேட்டார். அன்றைக்கு ஒருவரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இந்த ஆண்டு நடந்ததைச் சொன்னால் அதுவே பதிலாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

மாதாந்தக் கேட்புகளில் முதலாவதுக்கு மை பிளடி வலன்ரைன் குழுவின் 'லவ்லெஸ்' இசைத்தட்டை எடுத்தோம். 1991 நவம்பரில் கிரியேஷன் நிறுவனம் வெளியிட்டது. எங்களில் பலர் அதைப் போனில் பல தடவை கேட்டவர்கள்தான். இந்த முறை கலியாண வீடுகளுக்குப் பாட்டுப் போடும் ஒலி ஒளி அண்ணையிடம் இரண்டு பெரிய பொக்ஸும் அடிச்சுரத்துக்கு ஒரு சப்பும் வாடகைக்கு எடுத்தோம். முதல் பாட்டுத் தொடங்கியதும் அண்ணை மிக்ஸருக்கு ஓடினார். வயர் எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்தார். "தம்பி, உங்கட பைல் பழுது" என்றார். இன்றைக்கும் அவருடைய கருத்து மாறவில்லை. வாடகையை மட்டும் குறைத்திருக்கிறார்.

அவர் பழுது என்று நினைத்ததில்தான் விடயமே இருக்கிறது. குழுவின் கிற்றார்காரர் கெவின் ஷீல்ட்ஸ், கிற்றாரின் ட்ரெமொலோ கம்பியைக் கையில் பிடித்தபடியே தந்திகளை அடிப்பார். சுருதி ஓரிடத்தில் நிற்காமல் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதற்கு மேலே திருப்பிப் போட்ட எதிரொலி. சாதாரண எதிரொலி தேய்ந்து போகும், இது பின்னாலிருந்து பொங்கி வரும். போனின் சின்ன ஸ்பீக்கரில் அடிச்சுரம் வராது, அடுக்குகளும் பிரியாது. எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே இரைச்சலாகத்தான் கேட்கும். பெரிய பொக்ஸில் முதலில் ஒரு சுவர் மாதிரி வந்து நின்றது. இரண்டு மூன்று பாட்டுப் போனபிறகு அதற்குள் குரல் இருப்பது காதுக்குப் பிடிபட்டது. பின்வாங்கில் இருந்த ஒருவர் புல்லாங்குழல் கேட்கிறது என்று அடித்துச் சொன்னார். அது குழல் இல்லை. கிற்றார் ஃபீட்பாக்கைப் பதிந்து சாம்பிளாக்கிக் கீபோர்டில் வாசித்தது. அவர் நம்பவில்லை. நம்பாமல் இன்னொரு தடவை போடச் சொன்னார், போட்டோம்.

குழுவின் பாடகி பிலிண்டா புச்சரின் குரலைப் பற்றியும் அன்று நிறையப் பேச்சு. அவர் பல பாட்டுகளுக்கு விடியப்புறம் தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டுப் பாடியவர். மார்கழியில் திருவெம்பாவைக்கு எழுப்பிவிடப்பட்ட பிள்ளை பாடுவதுபோல, கண் முழிக்காத குரல். இதைச் சொன்னதும் சபையில் பாதிப்பேர் சிரித்தார்கள். எங்களில் பாதிப்பேர் அப்படிச் சங்கோடும் சேமக்கலத்தோடும் தெருச்சுற்றி வளர்ந்தவர்கள்தானே.

அந்த இசைத்தட்டைப் பதிய இரண்டு வருடத்துக்கு மேல் பிடித்தது. ஏறத்தாழ 19 ஸ்ரூடியோக்கள் மாறினார்கள். செலவு இரண்டரை இலட்சம் பவுண், அதில் கம்பனி முடியும் நிலைக்கு வந்தது என்று ஒரு கதை உண்டு. ஷீல்ட்ஸ் அந்தத் தொகையை மறுத்திருக்கிறார். இதை எங்கள் பொருளாளர் முன்னால் சொன்னது புத்திசாலித்தனம் இல்லை. அன்றிலிருந்து பிளேன்ரீச் செலவுக்கும் பற்றுச்சீட்டுக் கேட்கிறார்.

இனிச் சத்தப் பிரச்சினை. இதைச் சபை எளிதாக எடுக்கவில்லை, நானும் எளிதாக எழுதப் போவதில்லை.

வேறிடங்களில் இந்த இசையைக் கேட்பவர்களுக்குச் சத்தம் ஒரு விளையாட்டு. 2008ல் மை பிளடி வலன்ரைன் மீண்டும் மேடையேறியபோது வாசலில் காதடைப்பான் கொடுத்துத்தான் ஆட்களை உள்ளே விட்டார்கள். வன்னியில் சத்தத்துக்கு வேறு கணக்கு உண்டு. இரண்டாவது கேட்புக்குப் பிறகு பக்கத்து வளவு அம்மா வந்தார். சண்டைக்கு வரவில்லை. "பாட்டுப் பரவாயில்லைத் தம்பி. சடாரெண்டு தொடங்குறதுதான் நெஞ்சு பதறுது" என்றார். அதைப் பற்றி நிர்வாக சபை ஒரு கூட்டம் முழுக்கப் பேசியது. சத்தத்தை அப்படியே குறைத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் அம்மா சொன்னது சத்தத்தின் அளவை இல்லை, அது வரும் விதத்தை. அதன்பிறகு எல்லாக் கேட்பும் மெல்லிய பாட்டில் தொடங்குகிறது. கலக்ஸி 500, மாஸி ஸ்டார் போன்றவர்களை முதலில் போட்டு, சத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றுகிறோம். கதவு திறந்தே இருக்கும், யாரும் எழும்பிப் போகலாம், காரணம் கேட்க மாட்டோம். அயல் வீடுகளுக்கு முதல்நாளே சொல்லிவிடுகிறோம். அந்த அம்மா இப்போது சில வேளை திண்ணையில் வந்து இருப்பார். பிடித்து வருகிறாரா, கண்காணிக்க வருகிறாரா என்று நாங்கள் கேட்டதில்லை.

அளவுக்கும் ஒரு வரம்பு வைத்தோம். 85 டெசிபலில் எட்டு மணி நேரம், அதற்கு மேலே ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி என்பது தொழிற்சுகாதாரத்தில் பரவலாகக் கைக்கொள்ளும் கணக்கு. அதன்படி 94 டெசிபல் என்றால் ஒரு மணி நேரம்தான். போன் செயலியால் அளக்கிறோம். திருத்தமான கருவி இல்லை, என்றாலும் இளம்பிள்ளைகள் மிக்ஸரில் கைவைப்பதைத் தடுக்க அது போதும். சாதாரண தர, உயர்தரப் பரீட்சைக் காலங்களில் கேட்பு இல்லை. வற்றாப்பளைப் பொங்கல் வாரத்தில் இல்லை, வைத்தாலும் ஒருவரும் வரப்போவதில்லை. மே நடுப்பகுதியிலும் கார்த்திகை கடைசி வாரத்திலும் நாங்கள் எதையும் ஒலிக்க விடுவதில்லை. இந்தச் சபையில் அதற்கு விளக்கம் தேவையில்லை.

ஆண்டின் மிகச் சிறந்த மாலை எதுவென்று என்னிடம் கேட்டால் கொக்டோ ட்வின்ஸ் மாலைதான். தலைவர் ஒத்துக்கொள்ள மாட்டார், அவர் ரைட் என்ற இன்னொரு குழுவின் ரசிகர். கொக்டோ ட்வின்ஸ் ஸ்கொட்லாந்தில் கிரேஞ்மவுத் என்ற ஊர்க்காரர், 2025 வரை எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இயங்கிய ஊர். குழுவின் பாடகி எலிசபெத் ஃப்ரேசரின் பாட்டுகள் பலவற்றில் சொற்கள் பிடிபடாது. சில இடங்களில் அவை எந்த மொழியிலும் இல்லை, ஒலிக்காகவே உருவானவை. நாங்கள் 1984ன் 'ட்ரெஷர்', 1990ன் 'ஹெவன் ஓர் லாஸ் வேகஸ்' இரண்டையும் போட்டோம். வழமையாக எங்கள் கூட்டங்களில் ஆங்கிலம் தெரிந்த நாலைந்து பேர்தான் கதைப்பார்கள். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அன்றைக்கு அந்த நாலைந்து பேருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. வாய் திறக்காத பிள்ளைகள் எல்லாம் திறந்தார்கள். குரல் எங்கே உடைகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது, கிற்றார் எங்கே விலகி வழிவிடுகிறது என்று ஒவ்வொருவரும் சொன்னதைக் கேட்க எனக்குப் பெருமையாக இருந்தது. போனில் தனியக் கேட்டால் இது நடந்திருக்காது, ஐயா.

ஏ.ஆர். கேன் பற்றி ஒரு சிறு உரை நடந்தது. கிழக்கு லண்டனில் கறுப்பின இளைஞர் இருவர் தொடங்கிய குழு. ஷூகேஸுக்கு நெருங்கிய உறவான 'ட்ரீம் பொப்' என்ற பெயரைத் தங்கள் இசைக்கு முதலில் சூட்டிக்கொண்டவர்கள் அவர்கள்தான். 1988ல் அவர்களுடைய முதல் முழு இசைத்தட்டு வந்தது. இந்த வகையின் வரலாற்றை எழுதுபவர்கள் பலர் அவர்களைத் தாண்டிப் போய்விடுவது சரியில்லை என்பது என் கருத்து. ஈஸ்ட்ஹாமில் நீண்டகாலம் இருக்கும் என் மச்சானுக்குப் போன் எடுத்து, உங்கட பக்கத்து ஆட்களாம் என்றேன். அவர் கேள்விப்பட்டதே இல்லை, கிரிக்கெட் ஸ்கோர் கேட்டார்.

பழையதா புதியதா என்ற சண்டை இந்த ஆண்டும் ஓயவில்லை. பழைய அணிக்கு ஸ்லோடைவ் நல்ல ஆயுதம். 1989ல் ரெடிங்கில் தொடங்கிய குழு. 1993ல் வந்த 'சூவ்லாக்கி'யை அன்றைய ஆங்கிலப் பத்திரிகைகள் கிழித்துப்போட்டன. 1995ன் 'பிக்மேலியன்' வந்த கையோடு கம்பனியும் கைவிட்டது. 2014ல் திரும்பி வந்தபோது, முன்பிருந்ததைவிடப் பெரிய கூட்டம் காத்திருந்தது. பிறகு 2017ல் ஓர் இசைத்தட்டு, 2023ல் 'எவ்ரிதிங் இஸ் அலைவ்'. இந்தக் கடைசி இசைத்தட்டை, குழுவிலுள்ள ரேச்சல் கொஸ்வெல்லின் தாய்க்கும் சைமன் ஸ்கொட்டின் தந்தைக்கும் காணிக்கையாக்கியிருக்கிறார்கள். அந்தத் தாயும் தந்தையும் 2020ல் காலமானவர்கள். பழைய ஆட்கள் பழையதையே திருப்பிப் பாடவில்லை என்பதற்கு அது போதுமான சாட்சி.

புதிய அணியின் பதில் பரன்னூல். தென்கொரியாவில் முகமும் பெயரும் காட்டாத ஒருவர். 2021ல் வந்த அவருடைய இரண்டாவது இசைத்தட்டு, அறைக்குள் இருந்து கணினி மென்பொருளில் தனியாளாகச் செய்தது. கிற்றாரில் பெரும்பகுதிகூட மென்பொருள்தான் என்று சொன்னதும் பழைய அணிக்காரர் மூக்கைச் சுருக்கினார்கள். ஆனால் அதைக் கேட்ட அன்றுதான் எங்கள் உயர்தர மாணவிகள் இருவர் தாங்களும் செய்து பார்க்கலாமே என்று தொடங்கினார்கள். பால்டிமோரின் பீச் ஹவுஸ் இருவர் குழுதானே, ஓர்கன், ஒரு கிற்றார், மெஷின் தாளம் போதும்தானே என்பது அவர்களுடைய கணக்கு.

பிள்ளைகளின் பதிவு பற்றிச் சொல்ல வேண்டும். தேவாலயப் பாடகர் குழுவில் இரவல் வாங்கிய கிற்றார், தகரக்கூரை மழையைப் போனில் பதிந்தது, எதிரொலி சேர்க்கும், இலவசமாகக் கிடைத்த ரிவேர்ப் மென்பொருள், இவ்வளவும்தான். கிற்றார் ஒலியை மாற்றும் பெடல் ஒன்றுக்குச் சங்கம் பணம் கொடுத்தது உண்மை. இணையத்தில் வாங்கினோம், வந்தது உயிரில்லாமல் வந்தது. விற்றவர் இப்போது பதில் போடுவதில்லை. அது போகட்டும். பாட்டு தமிழில் இருக்கிறது, குரல் இரைச்சலுக்குள் முங்கியிருக்கிறது. இங்கேதான் எங்கள் தமிழ் ஆசிரியர் எதிர்ப்புத் தெரிவித்தார். தமிழ்ப்பாட்டில் சொல் தெளிவாக வர வேண்டும், அதை மூடுவது அநியாயம் என்றார். முள்ளியவளை அங்கத்தவர் ஒருவர் விட்டுக்கொடுக்கவில்லை. விடிய விடியக் கோவலன் கூத்துப் பார்ப்பவர்கள் எல்லாச் சொல்லையுமா பிடிக்கிறார்கள், பிற்பாட்டும் மத்தளமும் சேர்ந்து வரும்போது சனம் எதைக் கேட்டுக் கண் கலங்குது என்று கேட்டார். வாக்கெடுப்பு வைக்கவில்லை. குரல் முன்னால் உள்ள ஒரு கலவை, உள்ளே உள்ள ஒரு கலவை என இரண்டையும் வைத்திருக்கச் சொன்னோம். நான் உள்ளே இருப்பதன் பக்கம். ஆசிரியர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. எழுதிய வரிகள் நல்ல வரிகள், மூடக் கொஞ்சம் மனம் வரவில்லைதான்.

நடக்காதவை: வவுனியாவில் வைக்க நினைத்த நிகழ்ச்சி மண்டப வாடகையில் நின்றுபோனது. மாரி மழையில் இரண்டு கேட்புகள் தடைப்பட்டன. சிறுவருக்கான கிற்றார் வகுப்புக்கு ஆசிரியர் கிடைக்கவில்லை.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். பற்றுச்சீட்டு இல்லாத ஒரு வடைச் செலவு அதில் வரும், அது என்னுடையது. மண்டபம் தந்த வாசிகசாலைக்கும், ஒலி ஒளி அண்ணைக்கும், பொறுத்துக்கொண்ட அயலவருக்கும் நன்றி.

வரும் ஆண்டுக்கு ஒரே ஒரு பிரேரணை. வாடகைக்கு எடுப்பதை விட்டுச் சொந்தமாக ஒரு சோடி பொக்ஸ் வாங்குவது. பாவித்தது ஒன்று பரந்தன் சந்திப் பக்கம் விலைக்கு இருக்கிறது. இடது பக்கத்து ஸ்பீக்கர் கொஞ்சம் கரகரக்கிறது. எங்கள் பாட்டுகளுக்கு அது பெரிய குறையாகத் தெரியாது என்று ஒலி ஒளி அண்ணையே சொல்கிறார். சபை இதை முடிவெடுக்க வேண்டும் என்று கேட்டு, இந்த அறிக்கையை ஏற்பதற்காக முன்வைக்கிறேன்.

செயலாளர்