மாவட்ட மைய நூலகங்களில் குடும்ப வரலாற்று வகுப்பு தொடங்குங்கள்
(பொது நூலக இயக்குநருக்கும் மாவட்ட நூலக ஆணைக்குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்)

மதிப்பிற்குரிய பொது நூலக இயக்குநர் அவர்களுக்கும், மாவட்ட நூலக ஆணைக்குழுத் தலைவர்களுக்கும், மைய நூலகர்களுக்கும் வணக்கம்.

ஒவ்வொரு மாவட்ட மைய நூலகத்திலும் குடும்ப வரலாறும் ஊர் வரலாறும் தேடி வருபவர்களுக்கென்று ஒரு மேசை, ஓர் அலமாரி, எட்டு வார வகுப்பு ஆகியவற்றை ஏற்படுத்தித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாக மக்கள் செலுத்துகிறார்கள். அந்த மக்களின் சொந்தக் கதையைத் தேட உதவும் இடமாக நூலகம் இருப்பதே முறை. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் ஆராய்ச்சியாளருக்குப் பழகிய இடம். தூத்துக்குடியிலோ தருமபுரியிலோ இருக்கும் ஒருவர் அங்கே எதைக் கேட்பது என்று தெரியாமல் போய் நிற்க முடியாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் விளக்கம் சொல்ல யாருக்கும் நேரமில்லை. காரணம் கேட்காமல் உட்கார விடும் அரசுக் கட்டடம் நூலகம் ஒன்றுதான்.

இதில் அவசரமும் இருக்கிறது. 1980 நவம்பரில் கிராமக் கணக்கு எழுதிய கர்ணம், வரி வசூலித்த மணியக்காரர் ஆகியோரின் பரம்பரைப் பதவிகள் ஒழிக்கப்பட்டன. ஒழிக்கப்பட வேண்டிய பதவிகள்தான். ஆனால் கிராமக் கணக்கின் கையெழுத்தையும் குறியீடுகளையும் சரளமாகப் படிக்கத் தெரிந்த கடைசித் தலைமுறை அவர்களுடையது. அன்று முப்பது வயதில் கணக்கு எழுதியவருக்கு இன்று எழுபத்தைந்து தாண்டிவிட்டது. பழைய பத்திர எழுத்தர்கள், ஓய்வுபெற்ற நில அளவர்கள் நிலையும் அதுதான். காகிதங்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன; படித்துச் சொல்ல ஆளில்லை. இவர்களையே ஆசிரியர்களாக அழைத்து வகுப்பு நடத்த இன்னும் சில ஆண்டுகள்தான் நமக்குக் கிடைக்கும்.

வகுப்பில் என்ன சொல்லித்தர வேண்டும் என்பதையும் எழுதிவிடுகிறோம். ஆங்கில வழிகாட்டிகளைப் பார்த்துப் பாடம் தயாரித்தால் முதல் நாளே தடம் மாறிவிடும். அவை மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தொடங்கச் சொல்லும். இங்கே 1948 சட்டப்படி வீட்டுவாரிப் படிவங்கள் யாருடைய பார்வைக்கும் திறக்கப்படுவதில்லை. நம் தேடல் வேறு இடத்தில் தொடங்குகிறது: மொய் நோட்டில்.

மொய் நோட்டில் ஊர், பெயர், தொகை மூன்றும் ஒரே வரியில் இருக்கும். 1960-களில் நடந்த ஒரு கல்யாணத்தின் மொய் நோட்டை ஊர்வாரியாகப் பிரித்து எழுதினாலே அந்தக் குடும்பம் பெண் கொடுத்த, எடுத்த ஊர்கள் வெளியே வந்துவிடும். தாய்மாமன் வரிசை பெரும்பாலும் தனியாக எழுதப்பட்டிருக்கும்; தாய்வழியைப் பிடிக்க அதைவிட நேரான தடயம் கிடையாது. அடுத்தது குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டு, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று வசூலித்த வரியின் கணக்கு. எந்த வருஷம் ஒரு பெயர் மறைந்து அவருடைய மகன்களின் பெயர்கள் தனித்தனித் தலைக்கட்டாக வருகின்றன என்று பார்த்தால், அப்பா இறந்ததோ பாகம் பிரிந்ததோ அந்த இடைவெளிக்குள்தான் இருக்கும். இந்த இரண்டு வகை நோட்டுகளும் பொதுவாகக் காப்பகங்களில் கிடைப்பதில்லை. வீடு மாறும்போது முதலில் பழைய பேப்பர் கடைக்குப் போவதும் இவைதான். வாசகர் கொண்டுவந்தால் அங்கேயே படமெடுத்து, ஒரு பிரதியை நூலகம் வைத்துக்கொண்டு, நோட்டைத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு வேண்டும்.

மூன்றாம், நான்காம் வாரங்கள் முழுக்கப் பத்திரத்துக்கு. ஒரு கிரயப் பத்திரத்தில் விலையையும் சர்வே எண்ணையும் மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். முத்திரைத்தாளின் பின்பக்கத்தில் அதை வாங்கியவர் பெயரும் தேதியும் இருக்கும். 'என் தகப்பனாருக்கு இன்ன வருஷத்துப் பாகப் பத்திரப்படி பாத்தியப்பட்டு' என்ற வரி முந்தைய ஆவணத்துக்கு வழி காட்டும். நான்கு எல்லையில் வரும் பக்கத்து நிலக்காரர்கள் பல நேரம் பங்காளிகள். விற்பவர் தன் 'மூன்றில் ஒரு பாகத்தை' விற்கிறார் என்றால் இன்னும் இரண்டு பங்குதாரர்களைத் தேட வேண்டும். சாட்சிக் கையெழுத்துகளையும் விடக் கூடாது. மைத்துனரும் மாமனாரும் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்கள்.

ஆண்டுக் கணக்கில்தான் அதிகம் பேர் வழுக்கி விழுகிறார்கள். நிலவரிக் கணக்கின் ஆண்டான பசலியோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி ஜூலையில் பிறக்கிறது. பசலி 1320 என்பது 1910 ஜூலை முதல் 1911 ஜூன் வரை. அந்தப் பசலியின் தை மாத ரசீதை 1910 என்று எழுதிவிட்டால் ஓராண்டு பின்னால் போய்விடும். கன்னியாகுமரிப் பக்கத்து ஆவணங்களில் கொல்லம் ஆண்டு வரும். அதற்கு 824 அல்லது 825 கூட்ட வேண்டும். வருஷப் பெயர் மட்டும் இருந்தால் அறுபது ஆண்டுச் சுழற்சியில் எந்தச் சுற்று என்பதை வேறு தடயத்தால் தீர்மானிக்க வேண்டும். 'தாது வருஷம் மாசி மாதம்' என்றால் 1877 ஆகவும் இருக்கலாம், 1937 ஆகவும் இருக்கலாம். முத்திரைத்தாளில் விக்டோரியா தலை இருந்தால் முதலாவது; ஜார்ஜ் மன்னர் தலை இருந்தால் இரண்டாவது. வெறும் ஓலையிலோ சாதாரணத் தாளிலோ இருந்தால், அதில் வரும் ஆட்களில் ஒருவரையாவது வேறு ஆவணத்தில் கண்டுபிடிக்கும் வரை ஆண்டைப் பென்சிலில்தான் குறிக்க வேண்டும்.

எழுத்துப் பயிற்சிக்கும் ஒரு முழு வாரம் ஒதுக்குங்கள். பழைய கையெழுத்தில் புள்ளி இருக்காது. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோல் இருக்கும். எ–ஏ, ஒ–ஓ வேறுபாடு இருக்காது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, னா, லை, ளை வடிவங்களைக்கூட இளையவர்கள் பார்த்ததில்லை. தமிழ் எண்களில் ௧ என்பதைக் க என்றும், ௭ என்பதை எ என்றும், ௮ என்பதை அ என்றும் படித்துவிட்டுப் பொருள் தெரியாமல் திகைப்பார்கள். ௲௮௱௭௰௭ என்று இருந்தால் 1877. ஆயிரம், எட்டு நூறு, ஏழு பத்து, ஏழு என்று பிரித்துப் படிக்க வேண்டும். நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருஷத்துக்கு ௵, மேற்படிக்கு ௸. இந்த நான்கும் பழகிவிட்டால் பாதிப் பத்திரம் தானே திறந்துகொள்ளும். ஒரு பக்கத்தில் ஐந்தாறு இடத்தில் ௸ வரும். அது எந்தப் பெயருக்குப் பதிலாக நிற்கிறது என்று தவறாகப் பிடித்துக்கொண்டால் அண்ணனின் நிலம் தம்பி பெயருக்குப் போய்விடும். அளவுகளையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடலாம்: தஞ்சைப் பக்கம் ஒரு வேலிக்கு 20 மா, ஒரு மாவுக்கு 100 குழி, செங்கல்பட்டுப் பக்கம் காணி என்றால் 1.32 ஏக்கர்.

அதன் பிறகுதான் அரசு அலுவலகம். ஆவணப் பதிவு 1865-லேயே தொடங்கிவிட்டது. இணையத்தில் வில்லங்கம் பார்ப்பவர்கள் பழைய ஆண்டுகளுக்கு எதுவும் வராததைக் கண்டு, பதிவே இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். இணையத்தில் இல்லாததைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, அட்டவணைப் புத்தகத்தில் தேட வேண்டும். பெயர் அட்டவணை ஒன்று, சொத்து அட்டவணை ஒன்று. 1908 பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவுப்படி அசையாச் சொத்து ஆவணங்கள் பதியப்படும் 1-ஆம் புத்தகத்தைக் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம். 3-ஆம் புத்தகம் உயில்களுக்கு. எழுதியவர் இறந்த பிறகு யார் வேண்டுமானாலும் நகல் கேட்கலாம். 4-ஆம் புத்தகம் சம்பந்தப்பட்டவர்களுக்கு மட்டும். தேடல் தோற்பதற்கு முதல் காரணம், அந்தக் கிராமம் அப்போது வேறு சார்பதிவகத்தின் கீழ் இருந்திருப்பது. இரண்டாவது காரணம், வீட்டில் வழங்கும் பெயரும் பத்திரப் பெயரும் வேறாக இருப்பது. மாவட்டத்தில் எந்தக் கிராமம் எந்தக் காலத்தில் எந்தச் சார்பதிவகத்தில் இருந்தது என்ற அட்டவணையை நூலகம் ஒருமுறை தயாரித்து ஒட்டிவிட்டால் பல பேருடைய அலைச்சல் மிச்சமாகும்.

நிலத்தின் வழியே பின்னால் போக, இன்றைய பட்டாவிலிருந்து, கிராம நிலங்களைப் புல எண் வாரியாகப் பட்டியலிடும் அ-பதிவேட்டுக்குப் போங்கள். 1979-க்குப் பிறகு நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின் அ-பதிவேட்டில் பழைய புல எண்ணுக்கென்று ஒரு பத்தி உண்டு. அந்த எண்ணை வைத்து மறுநிலவரித் திட்டப் பதிவேட்டையும், அதற்கும் முந்தைய பழைய நில அளவையின் பைமாஷ் எண்ணையும் தொடலாம். இனாம் நிலமாக (வரி நீக்கியோ குறைத்தோ கொடையாக விட்ட நிலமாக) இருந்தால் 1860-களின் இனாம் பதிவேடு; யாருக்கு, எதற்காக, யார் கொடுத்தது, அப்போது அனுபவித்தவர் யார் என்று தலைமுறை வரிசையே சில இடங்களில் இருக்கும்.

பிறப்பு இறப்புப் பதிவேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய பதிவுகளில் குழந்தையின் பெயர் இருக்காது. ஆண் அல்லது பெண், தகப்பன் பெயர், ஊர், தேதி அவ்வளவுதான். குழந்தையின் பெயரைச் சொல்லித் தேடினால் 'பதிவு இல்லை' என்ற சான்றுதான் கையில் வரும். தகப்பன் பெயரையும் ஒன்றிரண்டு ஆண்டு இடைவெளியையும் கொடுத்துக் கேட்கப் பழக்க வேண்டும்.

நிலமே இல்லாத குடும்பங்களுக்கு இந்தப் பாதை உதவாது. வகுப்பு பட்டாவிலேயே முடிந்துவிட்டால் ஊரில் பாதிப் பேருக்கு வரலாறு இல்லை என்று நாமே சொன்னது போல ஆகிவிடும். அவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள், தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள், 1892 அரசாணைக்குப் பிறகு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலங்களின் ஒப்படைப்பு ஆவணங்கள் ஆகியவற்றைத் தனியே ஒரு வாரம் எடுத்துச் சொல்லித்தர வேண்டும். கொடைக்கானல் செண்பகனூரில் உள்ள இயேசு சபைக் காப்பகம் தென் மாவட்டங்களுக்கு மிக முக்கியம். இலங்கைத் தோட்டங்களிலிருந்து 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி திரும்பிய குடும்பங்கள் நீலகிரியிலும் பிற மாவட்டங்களிலும் இருக்கின்றன; அவர்கள் கையில் உள்ள அன்றைய கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் ஒரு தலைமுறையின் முழு விவரம்.

வெளியிலிருந்து தேடி வருபவர்களும் உண்டு. 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர்கள் ஒன்றரை லட்சம் பேர். பெரும்பகுதி சென்னை வழியாகப் போனார்கள். கப்பல் பட்டியலில் தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் இருக்கும், ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்தபடி. அந்த ஊரை இன்றைய வரைபடத்தில் கண்டுபிடிக்க உள்ளூர் ஆள்தான் வேண்டும். வட ஆற்காடு ஜில்லா என்று இருந்தால் இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மட்டும் போதாது. 1911 வரை சித்தூரும் அதற்குள்தான் இருந்தது. இதற்குப் பதில் எழுதக்கூடிய ஒருவர் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருந்தால் கடல் தாண்டிய பல உறவுகள் ஒட்டிக்கொள்ளும்.

வகுப்பில் நிச்சயம் தலைதூக்கும் ஒரு சிக்கலை மறைக்க விரும்பவில்லை. குடும்ப வரலாறு என்று தொடங்கினால் சிலர் அதைச் சாதிப் பெருமையாக்கப் பார்ப்பார்கள். அரச வம்சத்தில் கொண்டுபோய்க் கோப்பார்கள். அதற்கு விதி எளிது: ஒவ்வொரு தலைமுறைக்கும் ஓர் ஆவணம் அல்லது பெயர் குறிப்பிட்ட ஒரு நேர்காணல். அது இல்லாத இடத்தில் கோடு நிற்க வேண்டும். சாதிச் சங்கங்களுக்கு வகுப்பையோ அறையையோ கொடுக்கக் கூடாது. சொத்து வழக்கு நடக்கும் குடும்பங்களின் பத்திரங்களை அவர்கள் அனுமதியின்றிப் பொதுவில் காட்டவும் கூடாது. உயிரோடிருப்பவர்களின் விவரங்கள் நூலகப் பிரதியில் மூடப்பட்டே இருக்கட்டும்.

வம்ச வரைபடம் போடுவதிலும் நமக்கே உரிய தடைகள் உண்டு. பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பதால் முத்தையா மகன் சுப்பையா, சுப்பையா மகன் முத்தையா என்று மாறி மாறி வரும். இரண்டு முத்தையாவை ஒருவராக்கிவிட்டால் ஐம்பது ஆண்டுகள் காணாமல் போகும். ஒவ்வொரு ஆளுக்கும் எண் கொடுத்துத்தான் எழுத வேண்டும். மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கத்தால் ஒரே ஆள் இரண்டு இடத்தில் வருவார். மரம் போல வரையும் தாள்கள் இதற்குப் பொருந்தாது. கிராம்ப்ஸ் போன்ற இலவச மென்பொருள் தாங்கும். அதில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் தகப்பன் பெயரைப் போடாமல் காலியாக விடச் சொல்லுங்கள். போட்டால் ஒவ்வொரு தலைமுறையும் வேறு குடும்பமாகப் பிரிந்து நிற்கும்.

பழைய தாளை லேமினேட் செய்யக் கூடாது, செல்லோடேப் ஒட்டக் கூடாது என்பதை முதல் வாரமே சொல்லிவிடுங்கள். இரண்டும் திரும்ப எடுக்க முடியாத சேதம். மடிப்பில் கிழிந்த பத்திரத்தைத் தட்டையாக வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில், ஓர் அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுத்தால் போதும்.

அலமாரியில் என்ன வேண்டும்? ஆங்கிலேயர் கால மாவட்டக் கையேடுகளும் விவரச்சுவடிகளும் (கெசட்டியர்கள்; மதுரைக்கு நெல்சன் 1868, தஞ்சைக்கு ஹெமிங்வே 1906, திருநெல்வேலிக்குப் பேட் 1917), 1961 கணக்கெடுப்பின் கிராம ஆய்வு நூல்கள், தொல்லியல் துறையின் மாவட்டக் கல்வெட்டுத் தொகுதிகள், ஒரு நூற்றாண்டுப் பஞ்சாங்க அட்டவணை, பழைய தாலுகா வரைபடங்கள். இவற்றில் பல நூல்கள் உங்கள் இருப்பிலேயே இரவல் தராத பகுதியில் தூசி படிந்து கிடக்கின்றன. எடுத்து ஓரிடத்தில் வைத்தால் போதும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தையும் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும் பயன்படுத்தும் முறையை ஒரு பக்கத் தாளாக அச்சடித்து மேசையில் வையுங்கள். ஈழத்தில் இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறு மலர்களைக் கூட ‘நூலகம்’ என்ற பெயருடைய நிறுவனம் எண்ணிமப்படுத்தி வைத்திருக்கிறது. அவற்றில் பலவற்றில் வம்ச விவரம் இருக்கிறது. நம் ஊர்ப் பதினாறாம் நாள் மலர்களுக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும்.

செலவு பெரிதில்லை. ஞாயிறு காலை இரண்டு மணி நேரம், வகுப்புக்குப் பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். கையெழுத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் திருத்த முடியும். ஆசிரியருக்கு மதிப்பூதியம், ஒரு கேமரா நிலைத்தாங்கி, ஒரு வன்தட்டு, நகலெடுக்கும் காசு. வாசகர் வட்டங்கள் இருக்கும் நூலகங்களில் ஆள் சேர்ப்பதும் சிரமமில்லை. மூன்று மாவட்டங்களில் முதலில் தொடங்குங்கள்: உழவரே அரசுக்கு நேராக வரி கட்டிய ரயத்துவாரி நிலம் மிகுந்த ஒன்று, பழைய ஜமீன் பகுதி ஒன்று, திருவிதாங்கூரிலிருந்து வந்த கன்னியாகுமரி. மூன்றிலும் ஆவண முறை வேறு வேறு. பாடநூலும் மூன்றையும் பார்த்த பிறகே அச்சாகட்டும். மாதிரி ஆவணங்கள், எழுத்துப் பயிற்சித் தாள்கள், ஆண்டு மாற்று அட்டவணை மூன்றையும் எந்தக் கட்டணமும் இன்றித் தரத் தயாராக இருக்கிறோம். எந்த மைய நூலகர் கேட்டாலும் முதல் வகுப்புக்கு நேரில் வருகிறோம்.

இப்படிக்கு,
வட்டார வரலாற்று ஆய்வில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்