'உண்ணிக் காய்ச்சல்' என்று எழுதாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பந்தலூர் பக்கம் காட்டையொட்டிய ஓர் ஊரில் இருபது ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் தேயிலை, அதைத் தாண்டினால் காடு. மூன்று நாய்கள் வளர்க்கிறேன். இரவில் யானை வந்தால் எங்கள் தெருவுக்கே முதலில் தகவல் சொல்வது அவைதான்.

சென்ற மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒன்பது நாள் விடாத காய்ச்சல். கடைசியில் ஸ்க்ரப் டைபஸ் என்று தெரிந்தது. அடுத்த வாரமே தங்கள் நாளிதழில் 'உண்ணிக் காய்ச்சல் பரவுகிறது' என்று செய்தி வந்தது. கூடவே நாயின் காதில் உண்ணி மொய்த்திருக்கும் படம். இரண்டு நாள் கழித்து, அந்த வீட்டில் ஆறு வருடமாக இருந்த நாயைச் சாக்கில் போட்டு ஜீப்பில் ஏற்றி எங்கோ விட்டுவிட்டார்கள். அதைப் பார்த்து இன்னும் இரண்டு வீட்டிலும் அப்படியே செய்தார்கள். "அக்கா, பேப்பர்லயே போட்டிருக்கு. உங்க நாய்ங்களையும் கொண்டுபோய் விட்டுடுங்க" என்று பையனின் அம்மா என்னிடம் கெஞ்சினாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையை இழந்துவிடுவோமோ என்று தவித்தவள்.

ஆனால் அந்தக் காய்ச்சல் நாய் உண்ணியால் வருவதே இல்லை. அதைப் பரப்புவது புல்லிலும் புதரிலும் இருக்கும் ஒருவகைச் சிலந்திப்பேனின் குஞ்சு. அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, கண்ணுக்குத் தெரிவதே அரிது. தேயிலையில் செஞ்சிலந்தி என்ற சிலந்திப்பேன் அடித்தால் இலை செம்பு நிறமாவதை எங்கள் ஊரில் சின்னப் பிள்ளையும் அறியும். இந்தப் பூச்சி உண்ணியைவிட அந்தச் செஞ்சிலந்திக்கே நெருங்கிய சொந்தம். வழக்கமாக எலியின்மேல் தொற்றி வாழ்வது, வழியில் மனிதர் கால் பட்டால் ஏறிக்கொள்கிறது. நாயை விரட்டினாலும் புதரும் எலியும் அங்கேயேதானே இருக்கும்?

அது கடித்த இடத்தில் பலருக்குச் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கருப்புப் பொருக்கு உண்டாகும். வலிக்காது, அரிக்காது. இடுப்பு, அக்குள், தொடையிடுக்கு என்று மறைவான இடத்தில் இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. அந்தப் பையனுக்கும் இடுப்பில் இருந்திருக்கிறது. மழைக்காலமல்லவா, அட்டை கடித்த வடு என்று விட்டுவிட்டார்கள். முதலில் காட்டிய இடத்திலும் சட்டையைக் கழற்றிப் பார்க்கவில்லை. டாக்சிசைக்ளின் மாத்திரை தொடங்கிய இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கிவிட்டது. முற்றிய நிலையில் வருபவர்களுக்கு அதையும் அசித்ரோமைசினையும் சேர்த்து ஊசி வழியே கொடுப்பது கூடுதல் பலன் தருகிறது என்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. இதையெல்லாம் எழுத வேண்டிய இடத்தில்தான் நாய்க் காதின் படம் வந்திருந்தது.

நாய் உண்ணி நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அதுவும் சில சமயம் மனிதருக்கு வேறொரு புள்ளிக் காய்ச்சலைக் கொடுக்கும். நாயை அது படுத்தும் பாடு இன்னும் மோசம். என் கருப்பன் மூன்று வருடம் முன் சாப்பாட்டைத் தொடாமல் படுத்துவிட்டான். ஈறு வெளுத்து, மூக்கில் இரத்தம் வந்தது. உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமி. நான்கு வாரம் மருந்து கொடுத்துத்தான் எழுந்தான். அன்றிலிருந்து காட்டுப் பக்கம் போய்வந்தால் உடனே பார்த்துவிடுகிறேன்: காதுக்குள், கழுத்துப்பட்டைக்கு அடியில், கால்விரல் இடுக்கில், வாலடியில். முள்வாங்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் தீக்குச்சியால் சுடுவதும் கூடாது. நகத்தில் வைத்து நசுக்கவும் கூடாது, ஸ்பிரிட்டில் போட்டுவிடுவேன். நாயோடு மட்டும் மல்லுக்கட்டினால் போதாது. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும், அதுவும் நாயின்மேல் அல்ல, சுவர் வெடிப்பிலும் சாக்கு மடிப்பிலும். இரத்தமில்லாமலே மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும். அதனால் படுக்கைச் சாக்கை வாரந்தோறும் வெந்நீரில் போடுகிறேன், விரிசல்களைச் சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டேன். வாசலைச் சுற்றியிருந்த லாந்தனாவையும் வெட்டினோம். உண்ணிச்செடி என்றுதானே அதற்குத் தமிழில் பெயர்!

மருந்து கால்நடை மருத்துவர் சொல்வதாக மட்டுமே இருக்கட்டும். தேயிலைக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கலக்கி நாய்மேல் ஊற்றி, ஒரே மணி நேரத்தில் அது வெட்டிவெட்டிச் செத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நாய்க்கான சில மருந்துகள் பூனைக்கு விஷம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

பெயரைப் பற்றி இவ்வளவு சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. உண்மையிலேயே உண்ணியால் வரும் ஒரு கொடிய காய்ச்சல் எங்கள் மலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1957இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல் அது. 2015இல் வயநாட்டில் உயிர்களைப் பறித்தது. அதைப் பரப்புவது காட்டு உண்ணி. காரணம் வைரஸ் என்பதால் டாக்சிசைக்ளின் அதற்குப் பயன்படாது. காட்டில் குரங்கு செத்துக் கிடந்தால் தொடாமல் உடனே வனத்துறைக்கும் சுகாதாரத் துறைக்கும் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால், எந்தக் காய்ச்சலுக்கு எதைப் பார்த்துப் பயப்படுவது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

எனவே, ஸ்க்ரப் டைபஸை இனி 'புதர்க் காய்ச்சல்' என்று எழுதும்படி வேண்டுகிறேன். அடுத்த மழைக்கு மீண்டும் செய்தி வரும்போது நாய்க் காதின் படம் வேண்டாம், அந்தக் கருப்புப் பொருக்கின் படத்தைப் போடுங்கள். அதைப் பார்த்துவிட்டு யாராவது ஒரு தாய் தன் பிள்ளையின் இடுப்பைத் தடவிப் பார்ப்பாள்.

தங்கள் நீண்டநாள் வாசகி,
பந்தலூர், நீலகிரி மாவட்டம்