படலையில் வேப்பிலை

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு சுகாதாரப் பக்கத்தில், கொப்புளிப்பானை இன்றும் அம்மாளின் கோபம் என்று நம்பும் பாமரர் வன்னியில் உண்டு என்று ஒரு வரி. அந்தப் பாமரரில் அடியேனும் ஒருவன். ஒட்டுசுட்டானில் வயல் செய்கிறேன்.

அம்மாள் வந்த வீட்டுப் படலையில் வேப்பிலை கட்டுவோம். கண்டால் அயலட்டை உள்ளே வராது. பிள்ளையைப் பள்ளிக்கூடம் விடமாட்டோம். தண்ணி வார்க்கும்வரை தனிப் பாய், தனிக் கோப்பை. கிருமி என்ற சொல் என் ஆச்சிக்குத் தெரியாது. தொற்றும் என்பது தெரியும். 2020இல் கொரோனா வந்த வீட்டு வாசலில் அரசாங்கம் ஒட்டிய அறிவித்தலும் அதைத்தானே சொன்னது? அது மட்டும் விஞ்ஞானம்!

தாங்கள் அறியாததல்ல. மலேரியா என்ற பெயருக்கே இத்தாலி மொழியில் 'கெட்ட காற்று' என்றுதான் பொருள். சதுப்பு நிலத்து நாற்றத்தால் வருகிறதென்று பெரிய பெரிய வைத்தியர்கள் எழுதி வைத்தார்கள். பிரித்தானிய வைத்தியர் ரொனால்ட் ரொஸ் நுளம்பின் வயிற்றில் கிருமியைக் கண்டது 1897இல். அதன் பிறகாவது படித்தோமா? 1963இல் இலங்கை முழுவதும் 17 பேருக்குத்தான் மலேரியா. வென்றுவிட்டோம் என்று மருந்தடிப்பை விட்டார்கள். 1968–69இல் 5 லட்சம் பேருக்கு மேல். எட்டு வயதில் நடுங்கிக் கிடந்தவர்களில் நானும் ஒருவன். 'காய்ச்சல் ஊர்' என்று எங்களுக்குப் பெண் தரவும் யோசித்தார்கள்.

பிறகு எனக்குக் குடற்புண். "தூளைக் குறை, கவலைப்படாதே" என்றார் ஒரு வைத்தியர். ஷெல் விழும் ஊரில் கவலைப்படாதேயாம்! கிருமியாலும் அது வரும் என்று அவுஸ்திரேலிய வைத்தியர் பரி மார்ஷல் 1984இலேயே அந்தக் கிருமியைக் குடித்துக் காட்டியிருந்தார். எங்களிடம் அந்தச் செய்தி வர எத்தனை காலம்!

வவுனியாப் பக்கத்துச் சிறுநீரக வருத்தத்துக்கு இன்னும் காரணம் முடிவாகவில்லை. தண்ணி என்கிறார்கள், வயலுக்கு அடிக்கும் மருந்து என்கிறார்கள், வெயில் என்கிறார்கள். அந்த ஆராய்ச்சியாளர்களை நீங்கள் பாமரர் என்று எழுதியதில்லை.

கேட்பது ஒன்றுதான். வயல் சேற்றில் தொற்றும் எலிக்காய்ச்சலுக்கு முன்கூட்டியே எடுக்கும் டொக்சிசைக்கிளின் குளிசை பற்றிய அறிவித்தலை, நாங்கள் சேற்றில் இறங்குமுன் புரட்டாதியில் போடுங்கள். போனமுறை மாசியில் போட்டீர்கள். அரிவு வெட்டி நெல்லும் விற்றாகிவிட்டது.

இப்படிக்கு,
பாமர வாசகன்,
ஒட்டுசுட்டான்.